கோட்டைக்குள்ளே எத்தனை மூட்டை?

சென்னையில் இப்போது காசு கொடுத்தால் களை வெட்ட விடுகிறார்கள். ஊருக்கு வெளியே பண்ணை வீடு என்று வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பலாம். காலையில் மாட்டுக்குப் புல் போடலாம். பத்து மணிக்குச் சேற்றில் இறங்கி நாற்று நடலாம். பம்புசெட்டில் குளித்துவிட்டு வாழை இலையில் சாப்பிடலாம். என் மச்சினன் குடும்பத்தோடு போய்வந்து, செல்போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினான். "மாமா, நேச்சரோட அப்படியே ஒன்றிப்போயிட்டோம்" என்றான். தலைக்கு எவ்வளவு என்பதையும் சொன்னான்.

பக்கத்தில் என் அப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். என் பக்கம் சாய்ந்து, "நாத்து நட்டதுக்கு அவன் குட்த்தானா, இவன் குட்த்தானா?" என்று கேட்டார்.

"இவன்தாம்பா குடுத்தான்."

"மதியச் சோறு?"

"அதுவும் இவன் காசுதான்."

அப்பா வெற்றிலையை மடித்துக் கடைவாயில் வைத்தார். "நம்ம மேட்டுக் கொல்லையில மல்லாட்ட களை வெட்டாம கெடக்குது. தம்பிய வரச்சொல்லு. சொந்தக்காரப் புள்ள, பாதி குடுத்தாப் போதும்."

நான் செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டில் யாரும் இயற்கையோடு ஒன்றியதாக எனக்கு நினைவில்லை. இயற்கைக்குள் போனால் அதற்கு வேலை என்று பெயர். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் வேலை கூடும். ஆகவே எங்கள் ஊரில் முழுப் பரீட்சை முடிகிற அன்று அழுத பிள்ளைகளும் உண்டு. கிழக்கே கழனி, மேற்கே கொல்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. மேகம் தவழ்கிற, அருவி கொட்டுகிற மலை என்று எண்ணிவிடாதீர்கள். எவனோ லாரியில் உருண்டைப் பாறைகளை ஏற்றிவந்து, இறக்குகிற இடம் தெரியாமல் கண்ட இடத்தில் கொட்டிவிட்டுப் போனது போன்ற மலைகள். நடுவே முள்ளும் சீத்தாமரமும் இருக்கும். சித்திரை வெயிலில் அந்தப் பாறைகள் குடித்த சூட்டை ராத்திரி முழுக்க ஊருக்குத் திருப்பிக் கொடுக்கும்.

எங்கள் பக்கத்துப் பணப்பயிர் மணிலா, அதாவது நிலக்கடலை. ஊர் வாயில் மல்லாட்டை. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் எங்களுக்கு 30 கிலோமீட்டருக்குள். அங்கே உருவான டி.எம்.வி. ரகங்களை அப்பா பிள்ளைகள் பெயரைச் சொல்வது மாதிரி சொல்லுவார். எங்களைக் கூப்பிடும்போதுதான் பெயர் மாறிப்போகும். கொத்து ரகமாக இருந்தால் விதைத்து நூறு, நூற்றைந்து நாளில் பிடுங்கியாக வேண்டும். நாள் தப்பி ஒரு மழையும் பெய்துவிட்டால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். அதனால் அந்த வாரத்தில் கல்யாணம், காதுகுத்து, காய்ச்சல் எதுவும் எங்கள் குடும்பத்தில் அனுமதிக்கப்படவில்லை.

பிடுங்கிப் போட்ட செடிக் குவியலைச் சுற்றி எல்லோரும் உட்காருவோம். ஒரு செடியைக் கொத்தாகப் பிடித்து, மண் உதிர இரண்டு தட்டுத் தட்டி, தலைகீழாகத் திருப்பி, காய்களை ஒவ்வொன்றாக ஆய வேண்டும். இழுத்தால் காம்போடு வரும், ஆயா திட்டும். திருகினால் தோடு நசுங்கும், அதற்கும் திட்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு மாதிரி ஒடிக்க வேண்டும். அதற்கு ஒரு சின்னச் சத்தம் உண்டு, 'டிக்' என்று. சத்தம் வராவிட்டால் ஆயா திரும்பிப் பார்க்கும். முற்றிய காய் ஒரு பக்கம், பொக்கு ஒரு பக்கம், பிஞ்சு எங்கள் வாய்க்குள். பச்சை மல்லாட்டைப் பிஞ்சில் பால் இனிக்கும். பத்து மணிக்கு இனிக்கும், பன்னிரண்டு மணிக்கு வயிற்றைப் பிசையும். சாயங்காலம் நகக்கண்ணில் ஏறிய செம்மண் சோற்றோடு சேர்ந்து உள்ளே போகும்.

ஆள்காரர்களுக்கு ஆய்ந்த காயிலேயே கூலி அளந்து கொடுப்பார்கள். நானும் என் அண்ணனும் ஒருமுறை வரிசையில் நின்றோம். ஆயா படியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் வயிற்றைப் பார்த்தது. "நீங்க துன்னத கழிச்சா நீங்கதான்டா எனக்கு அளக்கணும்" என்றது. தொழிலாளர் சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று பின்னாளில் படித்தேன். அதற்குள் ஆயா போய்ச் சேர்ந்துவிட்டது.

நட்சத்திரம் பார்க்க இப்போது மலைவாசஸ்தலங்களில் முகாம் போடுகிறார்கள். எங்களுக்கு அதைக் காட்டியது கரண்டு. தமிழ்நாட்டில் பாசனத்துக்கு மின்சாரம் இலவசம். அது பெரிய விஷயம், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். மும்முனை கரண்டு மட்டும் எங்களுக்கு வாய்த்த காலத்தில் நடு ராத்திரிக்குத்தான் வரும். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டதும் அப்பா எழுப்புவார். டார்ச்சும் மண்வெட்டியுமாகப் போய் மடை மாற்ற வேண்டும். நான் பார்த்த நட்சத்திரம் எல்லாம், கால்வாய் எங்கே உடைத்துக்கொண்டது என்று குனிந்து தேடிவிட்டு இடுப்பு வலிக்க நிமிரும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டவை.

மயில் பற்றியும் சொல்லிவிட வேண்டும். என் பெண்டாட்டி தாம்பரத்துக்காரி. கல்யாணமான புதிதில் எங்கள் கொல்லையில் மயில் தோகை விரித்து நின்றதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, எவ்வளவு அழகு!" என்று என் கையைப் பிடித்தாள். எனக்கும் ரசிக்கத்தான் ஆசை. அதற்குள் அப்பா தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு, வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டு, வரப்பில் ஓடிவந்தார். விதைத்த மல்லாட்டையைச் சால் சாலாகக் கொத்திக்கொண்டே போய் எடுத்துத் தின்னும் வேலையை மயிலைப் போல ஒழுங்காக வேறு யாரும் செய்வதில்லை. தேசியப் பறவை என்பதால் அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. மல்லாட்டைக்கு அப்படி ஒன்றும் கிடையாது. மயில் விட்டதை ராத்திரி காட்டுப்பன்றி பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் ஆடு. எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், "நீ ஆடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று வாரம் ஒருமுறையாவது ஆசீர்வதிப்பார். வேறு ஊராக இருந்தால் அது வசவு. எங்கள் ஊரில் அதற்குச் சரித்திரம் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டின் கடைசி வாக்கில் ஆனந்தக் கோன் என்ற இடையர் இந்த மலையில் ஆடு மேய்க்கப் போன இடத்தில் புதையல் கண்டெடுத்தார், அதைக் கொண்டு கோட்டை கட்டினார் என்பது செஞ்சியின் தொடக்கக் கதை. அவருக்குப் பின்வந்த கிருஷ்ணக் கோன் பெயரில்தான் கிருஷ்ணகிரி மலை. எனக்கும் அதே மலை, அதே ஆடு. நானும் பொந்து பொந்தாகப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆடுகள் எனக்குக் காட்டிக்கொடுத்த ஒரே புதையல், வாயில் பீடியோடு கம்பை ஓங்கிக்கொண்டு வந்த பக்கத்துக் கொல்லைக்காரர். கோன்கள் போன பிறகும் ஆடுகள் ஊரை விடவில்லை. வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே செஞ்சியில் ஆட்டுச் சந்தை கூடிவிடும். பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் முந்தைய வெள்ளியில் கோடிக்கணக்கில் வியாபாரம் என்று பேப்பரில் போடுவார்கள். வாத்தியார் சொன்ன வேலையைப் பார்த்தவர்கள் அன்று கட்டுக் கட்டாக எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

வருஷத்துக்கு ஒரே நாள் எங்கள் குடும்பம் வேலை இல்லாமல் வெளியே கிளம்பும். காணும் பொங்கல். போகிற இடம் பற்றி வாக்கெடுப்பு கிடையாது, கோட்டைதான். டிராக்டர் டிரெய்லரைக் கழுவி, வைக்கோல் பரப்பி, மேலே பாயைப் போட்டு, சொந்தம் முழுக்க ஏறிவிடும். புளிச்சோறு ஒரு தூக்கு, தயிர்ச்சோறு ஒரு தூக்கு, முதல் நாள் வடை, கரும்புத் துண்டு. எல்லோரும் ஏறிய பிறகு ஆயா ஒரு கோணிச் சாக்கும் கருக்கருவாளும் எடுத்துக்கொண்டு வரும்.

"ஏன் ஆயா, திருவிழாவுக்குப் போறப்ப அருவா எதுக்கு?"

"வரச்சொல்ல ரோட்டோரம் புல்லு இருக்குது. சும்மா போயி சும்மா வரதா?"

கோட்டைக்கு உண்மையான சொந்தக்காரர்கள் குரங்குகள். பல்லவர், சோழர், விஜயநகரம், நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், வெள்ளைக்காரர் என்று வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், குரங்கு போகவில்லை. முற்றுகைக் கலையில் அவற்றுக்கு இருக்கும் தேர்ச்சி எந்தத் தளபதிக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒன்று எதிரே வந்து பல்லைக் காட்டும். நாம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் இருந்து இன்னொன்று பையைத் தூக்கும். ஒரு பொங்கலன்று என் அத்தையின் சுருக்குப் பை போனது. மதில் மேல் உட்கார்ந்து கயிற்றைப் பக்குவமாக இழுத்து, வெற்றிலையை எடுத்து மென்றது. பாக்கைக் கடித்துப் பார்த்துக் கீழே போட்டது. புகையிலையை எடுத்து மோந்தது, முகத்தைச் சுளித்தது, தூர எறிந்தது. அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டு நிற்க, ஆயா மட்டும் அண்ணாந்து பார்த்து, "ஒனக்கு இல்லாத புத்தி அதுக்கு இருக்குது பாரு, பொயிலய வுட்டுட்டுது" என்றது. அத்தை ஆயாவோடு மாட்டுக்குப் புல் அறுக்கிற வரை பேசவில்லை.

எல்லோரும் கல்யாண மகால் பக்கம் ஓடுவோம். அடுக்கடுக்காக, மேலே போகப் போகக் குறுகிக்கொண்டே போகும் அந்தக் கட்டடம்தான் படத்தில் அழகாக விழும். அப்பா அங்கே வரமாட்டார். அவர் நேரே நெற்களஞ்சியத்துக்குப் போவார். உள்ளே இருட்டு, வளைந்த கூரை, தடித்த சுவர், வௌவால் வாடை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குதிகாலும் கட்டைவிரலும் தொட அடி மேல் அடி வைத்து நீளம் அளப்பார், பிறகு அகலம், பிறகு அண்ணாந்து உயரம். உதடு மட்டும் அசையும். கடைசியில் 75 கிலோ மூட்டையாக எத்தனை பிடிக்கும் என்று அறிவிப்பார். ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு கணக்கு வரும். கட்டடம் வளர்கிறதோ, அப்பாவின் கால் தேய்கிறதோ, தெரியாது.

"ஈரம் ஏறாம எப்டி வெச்சான் பாத்தியா? நாம விக்க எடுத்தும்போயி வெட்டவெளியில கொட்டிட்டு, மேகத்தக் கண்டா தார்ப்பாய் தேடி ஓடறோம்" என்பார். நெல் போட்டு மழையில் நனைந்த எவரும் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் மௌனமாக நிற்பார்கள். அதன் பிறகுதான் அப்பா கல்யாண மகாலுக்கு வருவார், அதுவும் அங்கே சுட்டமண் குழாயில் மேல்தளத்துக்குத் தண்ணீர் ஏற்றினார்கள் என்று யாரோ சொல்லிவிட்டதால். "மோட்டார் இல்ல, கரண்டு இல்ல. தண்ணி மேல போயிருக்குது" என்று குழாய் போன தடத்தைத் தேடித் தடவுவார்.

நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு நூலகத்தில் செஞ்சி பற்றிப் படித்துவிட்டு வந்து, அவருக்குச் சரித்திரம் சொல்ல முயன்றேன். 1677-இல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார், பின்னால் அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்கினார், ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் 1690-இல் வளைத்துக்கொண்டார், 1698-இல்தான் கோட்டை விழுந்தது என்றேன்.

"எட்டு வருசமா? உள்ள இருந்தவன் என்னா சாப்ட்டான்?"

மூன்று மலை, 13 கிலோமீட்டர் மதில், ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் 60 அடிப் பள்ளத்துக்கு மேல் பாலம், இதெல்லாம் படித்துவைத்திருந்தேன். இந்தக் கேள்வி எந்தப் பாடத்திலும் இல்லை. நல்ல வேளையாக இன்னொரு சங்கதி நினைவுக்கு வந்தது. நடுவில் ஒருமுறை, சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற மராட்டியத் தளபதிகள் வந்து தானியம் வரும் வழியை மறித்ததில், முற்றுகை போட்ட மொகலாயப் படைக்கே சோறு இல்லாமல் போய், 1693-இல் ஜுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டி வந்தது.

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்டி சொல்லு. நெல்லு எவன் கையில இருக்குதோ அவன் ஜெயிப்பான்."

"கடைசியில கோட்டை விழுந்துட்டுதேப்பா?"

"அப்ப நெல்லு தீந்திருக்கும்."

நான் படித்த எந்தப் பேராசிரியரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

தேசிங்கு ராஜன் விஷயத்திலும் அவர் கருத்து வேறு. எங்கள் பக்கம் தெருக்கூத்தில் தேசிங்கு ராஜன் சண்டைக்குப் புறப்படும்போது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். பாராசாரி என்ற குதிரை, மோவுத்துக்காரன் என்ற உயிர் நண்பன், சிங்கவரம் ரங்கநாதர் போகாதே என்று முகம் திருப்பிக்கொண்டார் என்கிற கதை, 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து இளம் வயதிலேயே சாவு. 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்துப் படமாகவே வந்தது. ஊரே அழும். அப்பா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "சண்ட எதுக்கு வந்தது? கிஸ்தி பாக்கிக்கு. நாலு பெரியவங்கள வெச்சிப் பேசி, பாதியக் கட்டிட்டு மீதிக்குத் தவணை கேட்டிருந்தா அந்தப் புள்ள பொழச்சிருக்கும்" என்பார். பயிர்க்கடனைத் தவணை தவணையாகக் கட்டிக் கரையேறியவரின் தீர்ப்பு அது. மறுத்துப் பேச எனக்கு வாய் வந்ததில்லை.

ராஜகிரி ஏறியது ஒரு பொங்கல் மட்டும் எனக்கு முழுசாக நினைவிருக்கிறது. 800 அடி. சித்தப்பா பாதியிலேயே கமலக்கண்ணியம்மன் கோயில் பக்கம் உட்கார்ந்து, "நீங்க போங்க, நான் சாமி கும்பிட்டுக்கினு இருக்கறேன்" என்றார். அவர் கும்பிட்டது தண்ணீர்ப் பானையை. அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முதலில் ஏறிவிட்டார். உச்சியில் நல்ல காற்று. கீழே ஏரிகள் பளபளக்க, மதில் மூன்று மலையையும் கோத்துக்கொண்டு போவது தெரிய, நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்து நின்றோம். அத்தைகூடச் சுருக்குப் பையை மறந்தாள். அப்பா கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு ஒரே திசையைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். இவருக்கும் இயற்கை பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அதோ தெரியுதா, ரெண்டு பனமரம்? அதுக்கு இப்பால நம்ம மோட்டார் கொட்டா. தண்ணி மின்னுது பாரு ரோட்டுல. ஒன் சித்தப்பன் மோட்டார நிறுத்தாம வந்துட்டான்!"

உச்சியிலிருந்து அப்பா போட்ட சத்தம் பாறையில் மோதிக் கீழே இறங்கியது. முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு உறவுமுறை சொல்லி, பிறகு உறவுக்கு அப்பாற்பட்டவை. பக்கத்துக் கொல்லைக்காரர் பஞ்சாயத்துக்கு வருவார் என்பதும் அதில் அடக்கம். ஏறும்போது அடிக்கொரு தரம் உட்கார்ந்த சித்தப்பா இறங்கும்போது ஒரு இடத்திலும் உட்காரவில்லை. சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடிக்க வந்தபோதுகூட இவ்வளவு வேகம் காட்டியிருக்க மாட்டார்.

புதுச்சேரிக்கும் ஒருமுறை கூட்டிப்போனார்கள். கடல் பார்க்கத்தான். 70 கிலோமீட்டர் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் இறங்கினால், கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கல்தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை என்றார்கள். அப்பா கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூண்களை எண்ணினார்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சியையும் சேர்த்தது. மராட்டியர்களின் ராணுவ நிலப்பரப்பு என்று 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று எங்கள் ஊரில். அதிலிருந்து செஞ்சி என்று சொன்னால் சென்னையில் "எந்தப் பக்கம்?" என்று கேட்பது குறைந்திருக்கிறது. சொந்தக்காரர்களுக்கும் எங்கள் மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. என் மகள் தாத்தாவிடம் போனில் இந்தச் செய்தியை மூச்சு விடாமல் சொன்னாள். அவர் கேட்டது ஒன்றுதான்: "மத்த பதினொண்ணுலயும் களஞ்சியம் இருக்குதாமா?" மகள் தேடிப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னாள். இப்போது அவளுக்கும் அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது. எந்தக் கோட்டைப் படத்தைப் பார்த்தாலும் அரிசி எங்கே வைப்பார்கள் என்று கேட்கிறாள். அவள் அம்மாவுக்கு இது ரத்தத்தில் வருவது என்று கவலை.

நீங்கள் செஞ்சிக்கு வருவதாக இருந்தால், காலையிலேயே வந்துவிடுங்கள். பாறை சூடேறிவிட்டால் ராஜகிரி பாதி வழியிலேயே திருப்பி அனுப்பிவிடும். தண்ணீர் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள், குரங்குக்கு நீங்களாக எதுவும் கொடுக்காதீர்கள். வேண்டியதை அது எடுத்துக்கொள்ளும். கல்யாண மகாலில் படம் எடுத்த பிறகு களஞ்சியத்துக்கும் ஒரு நடை போய்ப் பாருங்கள். உள்ளே ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடி வைத்து அளந்துகொண்டிருந்தால் தயவுசெய்து பேச்சுக் கொடுக்காதீர்கள். கணக்கு விட்டுப்போனால் முதலிலிருந்து அளப்பார்.